ஜும்ஆ பயான்: பரிமாறியவரின் ஹக்

 

 

இந்த வாரம் இரண்டு பேர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். முதலாமவர் நம் சிப்காட் கம்பெனி ஒன்றில் பணிபுரியும் இன்ஜினீயர். வேலை விஷயமாகச் சிங்கப்பூர் போய் வந்தவர். "ஹஜ்ரத், அங்கே சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று பத்து சதவீதம் சேர்த்து வாங்கிவிட்டார்கள். நான் மனம் விரும்பிக் கொடுக்கவில்லையே, அது அவர்களுக்கு ஹலாலா? அதைக் கொடுத்த பிறகு டிப்ஸும் வைக்க வேண்டுமா?" என்று கேட்டார்.

இரண்டாமவர் பீகாரிலிருந்து வந்து, இந்தப் பகுதியில் ஒரு ஹோட்டலில் சப்ளையராக வேலை பார்க்கும் இளைஞர். இஷா முடிந்து எல்லோரும் போகும்வரை தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பிறகு வந்து, பாதி உருதும் பாதி தமிழுமாகச் சொன்னார்: "ஹஜ்ரத், சாப்பிட்டவர்கள் மேஜையில் வைக்கிற டிப்ஸை நாங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் டப்பாவில் போட வேண்டும். மாதக் கடைசியில் எல்லோருக்கும் பிரித்துத் தருவதாகச் சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் உடைந்த கிளாஸ், தட்டு என்று கணக்குச் சொல்லிக் கழித்துக்கொள்கிறார்கள். போன மாதம் மீதி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருத்தத்தில் மூன்று முறை இருபது ரூபாயை டப்பாவில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். என் தொழுகை கபூலாகுமா?"

சகோதரர்களே! ஒருவர் காசு கொடுத்தவர். இன்னொருவர் காசு போய்ச் சேர வேண்டியவர். இருவரும் கேட்டது ஒரே தட்டைச் சுற்றிய கேள்விதான். வெளிநாடு போகிறவர்கள், உம்ராவுக்குப் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், அடுத்தவர் கடையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் நம் ஸஃப்பில் நிற்கிறார்கள். ஆகவே இன்றைய பயானில் இரண்டுக்கும் சேர்த்தே பதில் பார்ப்போம்.

முன்பே சொல்லப்பட்டதா?

நம்பிக்கை கொண்டோர் ஒருவர் மற்றவரின் பொருளைத் தவறான வழியில் உண்ணக் கூடாது, இரு தரப்பும் பொருந்திக்கொண்ட வியாபாரமாக இருந்தாலே தவிர என்று அல்லாஹ் தஆலா சூரா அந்நிஸாவில் (4:29) கட்டளையிடுகிறான். மனம் பொருந்திக் கொடுத்தாலன்றி ஒரு முஸ்லிமின் பொருள் இன்னொருவருக்கு ஆகாது என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு (அஹ்மத்).

எனவே முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: அந்தக் கூடுதல் தொகை நமக்கு முன்பே தெரிவிக்கப்பட்டதா?

சிங்கப்பூரில் பல உணவகங்களின் விலைப்பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். முதல் குறி பத்து சதவீத சர்வீஸ் சார்ஜ். இரண்டாவது குறி ஜிஎஸ்டி. 2024 ஜனவரியிலிருந்து அது ஒன்பது சதவீதம். அதாவது 20 டாலர் சாப்பாட்டுக்கு சர்வீஸ் சார்ஜ் சேர்ந்து 22 டாலர். அதன் மேல் வரி சேர்ந்து 23 டாலர் 98 சென்ட். விலை எழுதிய அட்டையில் அந்தக் குறி இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத்தான் நாம் ஆர்டர் கொடுத்தோம் என்றால், அது விலையின் ஒரு பகுதியாகிவிட்டது. நாம் உட்கார்ந்து சாப்பிட்டதே சம்மதம். ஊர் வழக்கத்தில் எல்லோரும் அறிந்த ஒன்று, வாய்விட்டுப் பேசிய நிபந்தனையைப் போன்றது என்பது ஃபிக்ஹு கலையின் சட்ட விதி. எனவே அந்த இன்ஜினீயர் சகோதரர் கொடுத்தது வியாபாரத்தில் கொடுத்த விலை. கடைக்காரர் வாங்கியதும் ஆகுமானது. அது வேண்டாம் என்றால், சர்வீஸ் சார்ஜ் இல்லாத ஹாக்கர் சென்டர்கள் அதே ஊரில் நிறைய இருக்கின்றன, அங்கே சாப்பிடலாம்.

இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. 2024 ரமலானில் தராவீஹ் தொழவைக்கச் சிங்கப்பூர் போயிருந்தபோது, அந்தக் குறியைக் கவனிக்காமல் சாப்பிட்டுவிட்டு, கல்லாவில் நின்று நானே தர்க்கம் செய்தேன். தலையில் இமாமா, கையில் பில். நான் குரலை உயர்த்தியபோது முகம் வாடி நின்றது எங்களுக்குப் பரிமாறிய பெண். விலையை நிர்ணயித்தவர் அவர் அல்ல. பேச்சு வாங்கியது அவர். என்னை அழைத்துப் போன நண்பர் அட்டையைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். பயணத்தில் ஒரு முஸ்லிம் செய்யும் தவறு அவனோடு நிற்பதில்லை. அவன் தலையில் இருக்கும் தொப்பியின் மீதும் எழுதப்படுகிறது.

நம் நாட்டு நிலை வேறு. சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போயின. 2025 மார்ச் 28 அன்று அந்த நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்து, சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வசூலிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர் தானாக விரும்பி டிப்ஸ் கொடுப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. இங்கே பில்லில் அப்படி ஒரு வரி இருந்தால், அதை எடுத்துவிடும்படி மரியாதையாகக் கேட்பது நம் உரிமை. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. உரிமையைக் கேட்பது கஞ்சத்தனம் ஆகாது. ஆனால் கேட்க வேண்டிய இடம் கல்லா. தட்டு எடுக்க வந்தவரிடம் கத்துவதில் எந்த நியாயமும் இல்லை.

சூட்டைத் தாங்கியவர்

சரி, சர்வீஸ் சார்ஜ் என்பது விலை. டிப்ஸ் என்பது என்ன? அது அன்பளிப்பு. கடமை அல்ல. ஆனால் கடமை அல்ல என்ற ஒரு சொல்லோடு முஸ்லிம் கையைக் கழுவிவிட முடியுமா?

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உங்களில் ஒருவருக்கு அவருடைய பணியாளர் உணவு கொண்டுவந்தால், அவரைத் தம்முடன் உட்காரவைக்கட்டும். அதற்கு வழியில்லையென்றால் ஒன்றிரண்டு கவளமாவது அவருக்குக் கொடுக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: அந்த உணவைச் சமைக்கும் சிரமத்தையும் அதன் சூட்டையும் தாங்கியவர் அவர்தானே!

சுப்ஹானல்லாஹ்! சமைத்த உணவு மேஜைக்கு வந்துவிட்டது. மணக்கிறது. நமக்குப் பசி. அந்த நேரத்தில் அடுப்படியில் நின்றவரின் வியர்வையை நினைக்கச் சொல்கிறது மார்க்கம். மே மாதத்தில், ஜிஎன்டி ரோட்டு ஓரத்துக் கடையில், தந்தூரி அடுப்புக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அந்த ஹதீஸின் பொருள் அப்போது விளங்கும்.

இன்னொரு சம்பவம். ஸுவைத் பின் கைஸ் (ரலி) அவர்கள் விற்பனைக்குத் துணி கொண்டுவந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் வந்து, அதில் ஒரு கால்சட்டைக்கு விலை பேசி வாங்கினார்கள். அந்தக் காலத்தில் காசை எண்ணுவதைவிட எடை போட்டுக் கொடுப்பது வழக்கம். அங்கே கூலிக்கு எடை போடும் ஒருவர் இருந்தார். நபியவர்கள் அவரிடம், எடை போடுங்கள், தட்டு தாழும்படிக் கொஞ்சம் கூட்டியே போடுங்கள் என்று சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதீ). பேரம் பேசினார்கள், அது உரிமை. பேசிய விலைக்கு மேல் கொடுத்தார்கள், அது குணம். பேரத்தை மட்டும் சுன்னத்தாகப் பிடித்துக்கொண்டு தட்டு தாழ்வதை நாம் மறந்துவிட்டோம்.

ஊருக்கு ஊர் வழக்கம்

வெளிநாடு போகிறவர்கள் அந்த ஊரின் வழக்கத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் இல்லை. மேஜையில் காசு வைத்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே கொண்டுவந்து தருவார்கள். சிங்கப்பூரில் சர்வீஸ் சார்ஜ் கொடுத்த பிறகு தனியாக டிப்ஸை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே டிப்ஸ் பெறும் ஊழியர்களுக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 சென்ட்தான். 1991 முதல் அது மாறவில்லை. பல மாநிலங்கள் இதைவிட அதிகம் நிர்ணயித்திருக்கின்றன. ஆனாலும் பல இடங்களில் பரிமாறுபவரின் வருமானத்தில் பெரும்பகுதி வாடிக்கையாளர் வைக்கும் டிப்ஸ்தான். அங்கே போய், "நம் ஊரில் பத்து ரூபாய்தானே வைப்போம்" என்று எழுந்து வருவது அந்த வழக்கத்தை அறியாமை. அறிந்தும் அப்படிச் செய்தால், கூலியை எதிர்பார்த்து உழைத்தவரை ஏமாற்றிய பாவத்துக்கு நெருக்கமாகப் போகிறோம். ஒருவரை வேலைக்கு அமர்த்தி, முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வாதாடுவதாக அல்லாஹ் எச்சரிக்கிறான் என்பது புகாரியில் வரும் ஹதீஸ் குத்ஸீ.

உம்ராவுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் தங்கும் அறையைச் சுத்தம் செய்பவரும், பெட்டியைத் தூக்கிவைப்பவரும் நம்மைப் போலவே வீட்டை விட்டுக் கடல் கடந்து வந்த பிள்ளைகள். ஊருக்குத் திரும்பும் நாளில் பேரீச்சம்பழப் பெட்டியைக் கயிறு கட்டுவதில் நாம் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை, பத்து நாள் நம் குளியலறையைக் கழுவியவரிடம் காட்டினால் என்ன? கொடுக்கும்போது அவர் கையில் கொடுங்கள். ஸலாம் சொல்லிக் கொடுங்கள். கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டுவதும் மனத்தைப் புண்படுத்துவதும் தர்மத்தைப் பாழாக்கிவிடும் என்று குர்ஆன் (2:264) எச்சரிக்கிறது. காசைக் கொடுத்து அதைச் செல்போனில் படம் எடுப்பதும் அந்தப் புண்படுத்தலில் சேரும்.

டிப்ஸும் லஞ்சமும்

இங்கே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபி (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தார். நபியவர்கள் மிம்பரில் ஏறிக் கடுமையாகப் பேசினார்கள். இவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள் (புகாரி, முஸ்லிம்).

வேலை முடிந்த பிறகு, மனநிறைவோடு, எதையும் எதிர்பாராமல் கொடுப்பது டிப்ஸ். நமக்கு உரிமையில்லாத ஒன்றைப் பெறவோ, அடுத்தவரின் முறையைத் தட்டிப் பறிக்கவோ முன்கூட்டியே கொடுப்பது லஞ்சம். விமான நிலையத்தில் கூடுதல் எடையைக் கண்டுகொள்ளாமல் விடக் கையில் திணிப்பதும், கம்பெனி கேட்டில் வரிசையில் நிற்கும் லாரிகளைத் தாண்டி முதலில் உள்ளே போக "டீ காசு" கொடுப்பதும், பர்ச்சேஸ் ஆபீசருக்குப் பண்டிகைக் கவர் அனுப்புவதும் டிப்ஸ் என்ற பெயரில் நடக்கும் வேறு விஷயம். பெயரை மாற்றினால் சட்டம் மாறாது.

டப்பாவில் விழுந்த காசு யாருடையது?

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன்.

நபி (ஸல்) அவர்களுக்கு அபூதைபா (ரலி) என்பவர் ஹிஜாமா செய்தார். அவர் ஓர் அடிமை. தினமும் சம்பாதித்ததில் ஒரு தொகையைத் தம் எஜமானர்களுக்குக் கட்ட வேண்டும். நபியவர்கள் அவருக்குத் தானியம் கொடுக்கச் சொன்னார்கள். அதோடு விடவில்லை. அவருடைய எஜமானர்களிடம் பேசினார்கள். அவர்கள் வாங்கும் தொகையைக் குறைத்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

இதில் எவ்வளவு பெரிய பாடம்! நபியவர்கள் கூலியைக் கொடுத்ததோடு, அது அவர் கையில் தங்குகிறதா என்றும் பார்த்தார்கள். நாம் மேஜையில் இருபது ரூபாய் வைத்துவிட்டு, நன்மை எழுதப்பட்டுவிட்டது என்று எழுந்து போகிறோம். அது யாருக்குப் போகிறது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

இங்கிலாந்தில் இதற்காகவே 2023-இல் ஒரு சட்டம் இயற்றி, 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். வாடிக்கையாளர் தரும் டிப்ஸையும் சர்வீஸ் சார்ஜையும் முதலாளி பிடித்தம் செய்யாமல் ஊழியர்களுக்கே நியாயமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் அபூதைபாவுக்காகப் பேசிய நபியின் உம்மத்தாகிய நமக்கு, இந்த விஷயத்தில் சட்டப் புத்தகம் வந்துதான் சொல்ல வேண்டுமா?

மஸ்அலா இதுதான். டிப்ஸைக் கொடுப்பவர் பரிமாறியவருக்காகக் கொடுக்கிறார். அது கடையின் வருமானம் அல்ல. எல்லோரும் பொதுவில் போட்டுப் பிரித்துக்கொள்வது என்று வேலைக்குச் சேரும்போதே பேசி, சம்மதித்திருந்தால் அது செல்லும். முஸ்லிம்கள் தாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது (திர்மிதீ, அபூதாவூத்). அப்படிப் பிரிப்பதில் ஒரு நன்மையும் உண்டு: பின்கட்டில் பாத்திரம் கழுவுபவரை எந்த வாடிக்கையாளரும் பார்ப்பதில்லை, அவருக்கும் ஒரு பங்கு போகும்.

ஆகவே அந்த இளைஞரிடம் சொன்னேன்: "தம்பி, நீ எடுத்து வைத்த 60 ரூபாயில் பாத்திரம் கழுவும் உன் தோழனுடைய பங்கும் இருக்கிறது. உனக்கு அநியாயம் நடந்திருக்கலாம். அதற்காக அவனுடைய ஹக்கை நீ எடுக்க முடியாது. திரும்பப் போட்டுவிடு. உன் உரிமையை வெளிப்படையாகக் கேள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நான் உன்னோடு வருகிறேன்."

ஆனால் அதே நிபந்தனை முதலாளியையும் கட்டுப்படுத்தும். அந்த டப்பா அவரிடம் இருக்கும் அமானிதம். அதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவும் அவருக்கு உரிமை இல்லை. கிளாஸ் உடைந்ததே என்றால், கூலிக்கு அமர்த்தப்பட்ட ஊழியரின் கையில் இருக்கும் பொருளும் அமானிதம்தான். அலட்சியமோ வரம்புமீறலோ இல்லாமல் கைதவறி உடைந்தால் அவர் ஈடு கட்ட வேண்டியதில்லை என்றே நம் ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டின் ஊதியச் சட்டமும், ஊழியரின் அலட்சியத்தால் வந்த நஷ்டம் என்றால் மட்டுமே, அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகே, சம்பளத்தில் பிடிக்க அனுமதிக்கிறது. ஒருவர் உடைத்த கிளாஸுக்குப் பத்துப் பேரின் டிப்ஸைக் கழிப்பது எந்த நியாயத்திலும் வராது.

அந்த ஹோட்டல் எது, முதலாளி யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த முதலாளி இப்போது இந்தப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறாரா, வேறு மதத்தைச் சேர்ந்த சகோதரரா என்பதும் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும், ஆள் வைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு கான்ட்ராக்டரும், இன்று அஸருக்கு முன் தம் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் டப்பாவைத் திறந்து பார்க்கட்டும். மொழி தெரியாத ஊரில், யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளின் காசு அதில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் திரை இல்லை. அந்த துஆ எந்த மொழியில் கேட்கப்பட்டாலும் அவனுக்குப் புரியும்.

சகோதரர்களே! வெளிநாட்டில் உட்கார்ந்தாலும், கவரைப்பேட்டையில் உட்கார்ந்தாலும் நான்கு விஷயங்களை நினைவில் வையுங்கள். உட்காரும் முன் விலையைப் படியுங்கள். ஒப்புக்கொண்டதை முகம் கோணாமல் கொடுங்கள். ஒப்புக்கொள்ளாததை மரியாதையாக மறுங்கள். முடிந்தால் பரிமாறியவரின் கையிலேயே கொஞ்சம் கொடுத்து, "இது உங்களுக்குக் கிடைக்குமா, தம்பி?" என்று கேளுங்கள். கொடுக்க வசதி இல்லாவிட்டால் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். நல்ல வார்த்தையும் ஸதகாதான்.

மறுநாள் ஃபஜ்ருக்கு அந்த இளைஞர் வந்திருந்தார். தொழுகை முடிந்ததும் முஸாஃபஹா செய்து, "ஹஜ்ரத், 60 ரூபாயைப் போட்டுவிட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தன் கணக்கை அவர் தீர்த்துக்கொண்டார். அவருக்குச் சேர வேண்டிய கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

யா அல்லாஹ்! பிறர் உழைப்பின் சூட்டை உணரும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் கல்லாக்களிலும் சட்டைப் பைகளிலும் அடுத்தவர் ஹக் ஒரு ரூபாயும் தங்காமல் காப்பாயாக! பிழைப்புக்காக ஊரையும் உறவையும் பிரிந்து வந்த எல்லோருக்கும் ஹலாலான ரிஸ்கையும் நிம்மதியையும் தருவாயாக! ஆமீன்.